திறக்காத கோப்பு: உடைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கணினியில் ஒரு கோப்பு திறக்க மறுத்தாலும், அழிக்க விடாவிட்டாலும், பெயரை மாற்றப் போனால் முரண்டு பிடித்தாலும் நாம் எல்லாவற்றையும் ஒரே பேச்சில் அடக்கிவிடுகிறோம்: ‘ஃபைல் லாக் ஆயிடுச்சு’. சிக்கல் ஒன்றுதான் என்று மனம் முடிவு கட்டிவிட்டால் தீர்வும் ஒன்றாகத்தான் தோன்றும். எந்தப் பூட்டையும் திறந்து தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருளை இணையத்தில் தேடிப் பிடிக்கிறோம். இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து டிரைவ் முழுவதற்கும் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகிறோம். ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று திரை சொன்னால் அதற்கும் தலையாட்டிவிடுகிறோம். உண்மையில் ‘திறக்க முடியவில்லை’ என்ற ஒற்றைப் புகாருக்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. கோப்பை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கலாம். நீங்கள் நுழைந்திருக்கும் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லாதிருக்கலாம். உள்ளடக்கம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாததாகியிருக்கலாம். நான்காவதாக, கோப்பே சிதைந்திருக்கலாம் அல்லது இருப்பதுபோலத் தெரிந்தும் அங்கே இல்லாதிருக்கலாம். ஒன்றில் பலிக்கும் வழி மற்றொன்றில் கோப்பை நிரந்தரமாகத் தொலைக்க வைக்கும். ஆகவே, கணினி மறுக்கும்போது உடைக்கும் கருவியைத் தேடுவதற்கு முன்னால், மறுப்பது யார், எந்தக் காரணத்துக்காக என்று கேட்டாக வேண்டும். இந்தக் கட்டுரை வாதிடுவது இவ்வளவே.

வேறு கையில் இருக்கும் கோப்பு

அன்றாடம் நாம் சந்திப்பது பெரும்பாலும் முதல் நிலைமையைத்தான். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்பது கணினித் துறையின் பழைய கவலை. ஓர் அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள் ஒரே சம்பளப் பட்டியலைத் திறக்கிறார்கள் என்று கொள்வோம். முதலாமவர் ஐந்து பேரின் தொகையைத் திருத்திச் சேமிக்கிறார். இரண்டாமவர் திரையில் இருப்பதோ பழைய பிரதி. அவர் வேறு மூன்று பேரின் தொகையைத் திருத்திச் சேமித்ததும் முதலாமவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. சம்பள நாளில்தான் விஷயம் வெளிவரும். இதைத் தடுக்கத்தான் பூட்டு வந்தது. 1970களில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும், தரவுத்தளத்தில் எதை, எந்த அளவில் பூட்டுவது என்பதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள். தரவுத்தளங்களில் செய்த பணிக்காக கிரே 1998இல் டூரிங் விருது பெற்றார். தனிநபர் கணினிக்கு இந்த ஏற்பாடு 1984இல் வந்த எம்எஸ்-டாஸ் 3.0 பதிப்பில் ‘ஷேர்’ என்ற சிறு நிரலாக வந்து சேர்ந்தது. இன்றைய விண்டோஸிலும் முறை அதேதான். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே, தான் வைத்திருக்கும் வரை பிறர் அதைப் படிக்கலாமா, அதில் எழுதலாமா, அதை அழிக்கலாமா என்று அறிவித்துவிடுகிறது. எதற்கும் இசைவு தராவிட்டால், அந்த நிரல் கோப்பை மூடும்வரை வேறு எதுவும் அதைத் தொட முடியாது. ‘கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது’ என்று விண்டோஸ் சொல்வதன் பொருள் இதுதான்.

அந்த ‘வேறொரு நிரல்’ எது என்பதைத்தான் விண்டோஸ் பல நேரம் சொல்வதில்லை. நாம் திறந்து வைத்து மறந்த வேர்டு ஆவணமாக இருந்தால் எளிது. ஆனால் நாம் திறக்காத நிரல்களும் கோப்பைப் பிடித்திருக்கும்: புதிதாக வந்த கோப்பைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ், தேடலுக்காக அட்டவணை தயாரிக்கும் பின்னணிச் சேவை, எக்ஸ்புளோரரின் முன்னோட்டப் பலகம், மேகச் சேமிப்பகத்துக்குப் பிரதி அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல். இவற்றில் பல சில நொடிகளில் கையை எடுத்துவிடும். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயல்வது சோம்பேறித்தனமான ஆலோசனையாகத் தெரிந்தாலும், காரணத்தோடு கூடிய ஆலோசனை. பொறுத்தும் விடாவிட்டால் பிடித்திருப்பது யார் என்று பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியூ பக்கத்துக்குப் போய், அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதியில் கோப்பின் பெயரைத் தட்டினால், அதை வைத்திருக்கும் நிரலின் பெயர் வரும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டு ஃபைல் லாக்ஸ்மித்தைக் கேட்கலாம். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலையை எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை செய்யும். இன்னொரு வகையும் உண்டு. வேர்டு ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது ~$ என்று தொடங்கும் மறைகோப்பு ஒன்றைப் பக்கத்திலேயே உருவாக்கி, திறந்திருப்பவரின் பெயரை அதில் எழுதி வைக்கிறது. லிப்ரெஆஃபிஸும் இப்படிச் செய்யும். மின்சாரம் போய்க் கணினி திடீரென்று அணைந்தால் அந்த மறைகோப்பு அப்படியே தங்கிவிடும். மறுநாள் ‘இந்த ஆவணத்தை வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று வரும், பார்த்தால் அந்த வேறொருவரின் பெயர் நம்முடையதாகவே இருக்கும். எவரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த மறைகோப்பை மட்டும் நீக்கினால் போதும்.

பிடித்திருப்பவர் தெரிந்ததும் அவரை முறையாக விடச் செய்வதுதான் சரி: நிரலில் சேமித்து, மூட வேண்டும். ‘அன்லாக்’ கருவிகள் செய்வது வேறு. சில, பிடித்திருக்கும் நிரலையே கொன்றுவிடுகின்றன. அதில் சேமிக்காத வேலை இருந்தால் அதுவும் போகும். வேறு சில, நிரலை ஓட விட்டுவிட்டு, அதன் கையில் இருக்கும் கோப்பு இணைப்பை மட்டும் பிடுங்குகின்றன. இது இன்னும் ஆபத்தானது. நிரலைப் பொறுத்தவரை கோப்பு என்பது ஓர் எண். அந்த எண்ணைப் பிடுங்கியது நிரலுக்குத் தெரியாது. அடுத்து வேறொரு கோப்பைத் திறக்கும்போது விண்டோஸ் அதே எண்ணை அதற்கு ஒதுக்கிவிடலாம். நிரல் பழைய கோப்பு என்று நினைத்துப் புதிய கோப்பில் எழுதத் தொடங்கும். மார்க் ருசினோவிச் எழுதிய, 2006 முதல் மைக்ரோசாஃப்ட் வசம் இருக்கும் பிராசஸ் எக்ஸ்புளோரர் இந்த வசதியைத் தருகிறது. தரும்போதே, இப்படி மூடினால் நிரலும் கணினியும் நிலைகுலையலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. கருவியை ஆக்கியவரே தயங்கிக் கொடுக்கும் ஒன்றை, யார் ஆக்கியதென்றே தெரியாத மென்பொருளிடம் நாம் தயங்காமல் ஒப்படைக்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பைத் தாராளமாக அழிக்கலாம், பெயர் மாற்றலாம். அப்படியானால் இந்தப் பூட்டெல்லாம் விண்டோஸ் வேண்டுமென்றே கட்டிக்கொண்ட தொல்லைதானே? பாதி உண்மை. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. அழிக்கும்போது பெயர்தான் போகிறது. பிடித்திருக்கும் கடைசி நிரல் விடும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் இருந்துகொண்டே இருக்கும். லினக்ஸில் பல மென்பொருள்களைக் கணினியை மறுதொடக்கம் செய்யாமலே புதுப்பிக்க முடிவதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாத விண்டோஸ் அடிக்கடி ‘ரீஸ்டார்ட்’ கேட்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்தத் தாராளத்துக்கும் விலை உண்டு. பெரிய பதிவுக் கோப்பை அழித்த பிறகும் டிஸ்கில் இடம் கூடாமல் சர்வர் நிர்வாகிகள் திகைப்பது இதனால்தான். லினக்ஸின் பூட்டுகள் பொதுவாக ஆலோசனைப் பூட்டுகள். அவற்றை மதிக்கும் நிரல்கள் மட்டுமே கட்டுப்படும். மதிக்காத இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதினால், மேலே சொன்ன சம்பளப் பட்டியல் கதைதான். ஓர் அமைப்பு முன்கூட்டியே மறுக்கிறது; மற்றொன்று விட்டுவிட்டு விளைவைப் பயனரின் பொறுப்பில் வைக்கிறது. எதைத் தேர்ந்தாலும் சிக்கல் மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுமே’ என்பது அடுத்த ஆட்சேபம். முதல் நிலைமைக்கு அது முற்றிலும் சரி, காரணமும் தெளிவு: மறுதொடக்கத்தில் எல்லா நிரல்களும் தங்கள் பிடியை விட்டுவிடுகின்றன. ஆனால் இதிலும் காரணம் தெரிந்தவருக்குத்தான் முழுப்பலன். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் இயங்குதளத்தின் உள்மையம் முழுக்க அணையாமல், அதன் நிலை டிஸ்கில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் கணினியை அணைத்துப் போட்டும் அதே கோளாறு தொடர்கிறது என்று சொல்பவர்கள் ஒரு முறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு, லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போவதும் இந்த அரைத் தூக்கத்தால்தான். மற்ற மூன்று நிலைமைகளில் மறுதொடக்கம் பெரும்பாலும் பயன்படாது. ஓர் இடத்தில் அது பெருந்தீங்காகவே முடிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அனுமதி வேறு, மறைகுறி வேறு

இரண்டாவது நிலைமை அனுமதி. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும், யார் யாருக்கு என்னென்ன அனுமதி என்ற பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலில் ஆட்களின் பெயர் இருப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் கொடுக்கும் நீண்ட அடையாள எண் இருக்கிறது. பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டும்போது ‘இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வருவது இதனால்தான். இரண்டு கணினிகளிலும் உங்கள் கணக்குக்கு ஒரே பெயர் வைத்திருந்தாலும் எண்கள் வேறு. புதிய விண்டோஸுக்கு நீங்கள் அந்நியர். இங்கே உரிமையை எடுத்துக்கொள்வது முறையான தீர்வு. கோப்பின் பிராப்பர்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் உரிமையாளரை மாற்றலாம். கட்டளைத் திரை பழகியவர்கள் டேக்ஓன், ஐகேக்ல்ஸ் என்ற கட்டளைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் உங்களுக்கு வேண்டிய ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விண்டோஸ் தன் கோப்புகள் பலவற்றை விஸ்டா காலம் தொட்டு ‘ட்ரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற தனிக் கணக்கின் பெயரில் வைத்திருக்கிறது. சி டிரைவ் முழுவதற்கும் ‘எல்லோருக்கும் முழு அனுமதி’ என்று போட்டுவிட்டால், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குத் தனித்தனியாக இருந்த அனுமதிப் பட்டியல்கள் ஒரே நொடியில் அழிந்துவிடும். அவற்றைப் பழையபடி கொண்டுவர நேர்வழி எதுவும் இல்லை. பெரும்பாலும் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதாகிறது.

‘கணினி என்னுடையது, கோப்பு என்னுடையது, என்னையே தடுக்க இது யார்?’ என்ற கோபம் இந்த இடத்தில்தான் அதிகம். புரிந்துகொள்ளக்கூடிய கோபம். ஆனால் கணினிக்கு ஆட்களைத் தெரியாது, கணக்குகளை மட்டுமே தெரியும். உங்கள் கணக்கில் ஓடும் ஒவ்வொரு நிரலும் உங்கள் அதிகாரத்தோடுதான் ஓடுகிறது. கோப்புகளை மறைகுறியிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ்களில் ஒன்றான, 2016இல் பரவிய லாக்கி, மின்னஞ்சலில் வந்த வேர்டு ஆவணத்தின் மேக்ரோவாக நுழைந்தது. அதைத் திறந்தவரின் கணக்கு எங்கெல்லாம் எழுத முடியுமோ, அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்கள் உட்பட, அங்கெல்லாம் கோப்புகளைக் குலைத்தது. உங்களைத் தடுக்கும் அதே சுவர்தான் உங்கள் பெயரில் வரும் அந்த நிரலையும் தடுக்கிறது. இரண்டையும் பிரித்தறியும் வழி கணினிக்கு இல்லை. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேல் விண்டோஸ் ஒரு மறைமுத்திரை குத்துவதும், வேர்டு அவற்றைப் படிக்க மட்டும் திறப்பதும், 2022இலிருந்து அவற்றின் மேக்ரோக்களை ஓட விடாமல் மறுப்பதும் இந்த அனுபவத்தின் விளைவு. அனுப்பியவரைத் தெரியும், கோப்பை எதிர்பார்த்தே இருந்தோம் என்றால் பிராப்பர்டீஸில் ‘அன்பிளாக்’ செய்துகொள்ளலாம். அந்த ஒரு கணச் சரிபார்ப்பைத்தான் மறுப்பு நம்மிடம் கேட்கிறது.

அனுமதியையும் மூன்றாவது நிலைமையான மறைகுறியாக்கத்தையும் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய இழப்புகள் நேர்கின்றன. அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவலாளி. மறைகுறி என்பது இரும்புப் பெட்டி. காவலாளி, விண்டோஸ் ஓடும்வரைதான். அதே கணினியைப் பென் டிரைவிலிருந்து லினக்ஸில் எழுப்பினால் என்டிஎஃப்எஸ் அனுமதிப் பட்டியலை அது பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. கோப்புகள் அப்படியே தெரியும். மறைகுறியிட்ட கோப்பு எந்த இயங்குதளத்தில் பார்த்தாலும் பொருளற்ற எண்களின் குவியல்தான். விண்டோஸ் 2000 முதல் இருக்கும் இஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்பை மறைகுறியிட்டு, அதன் சான்றிதழைச் சேமித்து வைக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவியவர், உரிமையாளராக எத்தனை முறை மாறினாலும் கோப்பைப் படிக்க முடியாது. அந்தக் கணினிக் கணக்கின் கடவுச்சொல்லை அட்மினிஸ்ட்ரேட்டர் வலுக்கட்டாயமாக மாற்றினாலும் இதே கதிதான். இன்று பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறையை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2001இல் ஏற்றது. அதன் மிகச் சிறிய சாவியே 128 பிட் நீளம். எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது உலகின் எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். ஆகவே ‘எந்த மறைகுறியையும் உடைத்துத் தருகிறோம்’ என்று சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், எதை வைத்து உடைப்பார் என்று கேட்டுவிட வேண்டும்.

கடவுச்சொல் கேட்கிற கோப்பெல்லாம் மறைகுறியிட்டதும் அன்று. எக்செல்லில் ஒரு தாளைத் திருத்த முடியாதபடி பாதுகாப்பது வெறும் வேண்டுகோள். அது பாதுகாப்பு வசதி ஆகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் வைத்தால்தான் உள்ளடக்கம் மறைகுறியாகிறது. ஆஃபிஸ் 97 காலத்து 40 பிட் சாவியை இன்றைய கணினிகள் உடைத்துவிடும். ஆஃபிஸ் 2007 முதல் ஏஇஎஸ் வந்துவிட்டதால், நல்ல கடவுச்சொல் மறந்துபோனால் மறந்ததுதான். பிடிஎஃப் கோப்பிலும் இரண்டு வகை உண்டு: அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது என்பது பார்வை நிரல் மதித்தால் நடக்கும் கட்டுப்பாடு, திறக்கவே கேட்கும் கடவுச்சொல் வேறு. பல நேரம் கடவுச்சொல் நம்மிடமே இருக்கும், வடிவம் மட்டும் தெரியாது. இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் பிடிஎஃப் திறக்கவில்லை என்று கணினி மையங்களுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாகவும், பின்னால் பிறந்த ஆண்டை நான்கு இலக்கமாகவும் சேர்த்தால் அது திறந்துகொள்ளும். இதை உடைக்க மென்பொருள் தேடி, ஆதாரையே முன்பின் தெரியாத ஓர் இணையதளத்தில் ஏற்றிவிடுவது எவ்வளவு பெரிய அபத்தம்!

சாவி எங்கே என்று தெரியாமல் பூட்டு மட்டும் தானாக விழுந்துவிடுவது இன்றைய பெரிய சங்கடம். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறைகுறியாகிவிடுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ அதன் உள்மென்பொருளைப் புதுப்பித்தாலோ கணினி திடீரென்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதில் பெரிய நிறுவனங்களும் விலக்கில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழுதைச் சரிசெய்ய, சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் விண்டோஸின் டிஸ்க் மறைகுறி வசதியான பிட்லாக்கர் போட்டிருந்த கணினிகளில் அந்த ஒரு கோப்பைத் தொடுவதற்கே மீட்புச் சாவி தேவைப்பட்டது. சாவிகளின் பட்டியல் முடங்கிய சர்வரிலேயே இருந்த இடங்களில் வேலை இழுத்துக்கொண்டே போனது. மறைகுறியின் வலிமை அங்கே குறையே இல்லை. சாவியைப் பற்றிய ஏற்பாடுதான் இல்லை.

மறுதொடக்கம் தீங்காகும் இடமும் இந்த மூன்றாவது நிலைமைதான். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ், ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் கோப்புகளை மறைகுறியிட்டு, 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சில நாட்களில் பிரான்ஸைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் அட்ரியன் கினே, பெஞ்சமின் டெல்பி ஆகியோர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி, 7 போன்ற பழைய பதிப்புகளில், சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள் கணினியின் நினைவகத்தில் அழியாமல் தங்கியிருந்தன. அவற்றை எடுத்துச் சாவியை மறுபடி உருவாக்கும் கருவியையும் வெளியிட்டார்கள். ஒரே நிபந்தனை: தாக்குதலுக்குப் பிறகு கணினியை மறுதொடக்கம் செய்திருக்கக் கூடாது. பதற்றத்தில் பொத்தானை அழுத்தியவர்களின் நினைவகத்திலிருந்து சாவி அத்தோடு போயிற்று. எனவே கோப்புப் பெயர்களின் கடைசியில் புதிதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால், ஃபோல்டர்தோறும் பணம் கேட்கும் குறிப்பு கிடந்தால், முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைஃபையை நிறுத்த வேண்டும். அணைப்பதா வேண்டாமா என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மறைகுறியிட்ட கோப்புகளை அழித்துவிடக் கூடாது. 2016இல் யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளம் பல பிணைத்தொகை வைரஸ்களுக்கு இலவச மீட்புக் கருவிகளைத் தருகிறது. இன்று இல்லாத கருவி நாளை வரக்கூடும். இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும், நிறுவனங்கள் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னிடமும் புகார் பதிய வேண்டும்.

சிதைந்ததும் இல்லாததும்

நான்காவது நிலைமையில் எவரும் மறுப்பதில்லை. கொடுக்கத்தான் எதுவும் இல்லை, அல்லது கொடுக்க முடியவில்லை. பென் டிரைவைச் செருகியதும் ‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் சொல்வது ஆணை அன்று. டிரைவின் அமைப்பை அதற்குப் படிக்கத் தெரியவில்லை என்ற ஒப்புதல்தான். மறுத்துவிட்டு, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் உள்ளே இருப்பதை வேறொரு டிரைவுக்கு மீட்க முயலலாம். சில பென் டிரைவ்கள் ஆயுள் முடியும் தறுவாயில் எழுத மறுத்து, படிக்க மட்டும் விடும். அந்த எழுத்துத் தடையை நீக்க இணையத்தில் வழி தேடுவதைவிட, படிக்க முடிகிறபோதே எல்லாவற்றையும் நகலெடுப்பது புத்திசாலித்தனம். ஹார்ட் டிஸ்க் வழக்கமில்லாமல் ‘டக் டக்’கென்று சத்தம் போட்டால் அதைச் சீராக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவதே கேடாகலாம், சாகும் நிலையில் இருக்கும் டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் தேட வைப்பது அதன் முடிவை விரைவுபடுத்தும். அணைத்துவிட்டு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே மேல். மேகச் சேமிப்பகத்தில் வேறு குழப்பம். 2017 முதல் ஒன்டிரைவ், கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் வசதியைத் தருகிறது. இணைப்பு இல்லாத இடத்தில் அது திறக்காது. கோளாறும் அன்று, பூட்டும் அன்று.

தமிழில் கோப்புகளைக் கையாள்பவர்களுக்கென்றே இரண்டு கண்ணிகள் இங்கே உண்டு. விண்டோஸ் ஒரு கோப்பின் முழு முகவரிக்கு வழக்கமாக 260 குறிகள் என்று எல்லை வைத்திருக்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்கள் அடுக்கினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பைக்கூடத் திறக்க முடியாமல் போகும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு ஒரு குறி, மெய்யெழுத்தில் புள்ளிக்கும் ஒரு குறி. ஆக ஒரு பெயரில் 85 குறிகள்தான் இடம் பெறும். எழுத்துக்கு இரண்டு குறி என்று வைத்தால் 42 எழுத்து. விண்டோஸில் ஒழுங்காக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் அலுவலக லினக்ஸ் சர்வருக்கு நகல் ஆகாமல் நிற்பது இதனால்தான்; பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும். இரண்டாவது, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறிமுறைகளில் தட்டச்சிட்ட ஆவணங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். வைரஸ் என்றும், கெட்டுப்போனது என்றும் நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முந்தைய ஆவணங்கள் பலவற்றுக்கு இதே தலையெழுத்துதான். அந்த எழுத்துருவை நிறுவினாலோ, குறிமுறை மாற்றியில் போட்டாலோ ஓர் எழுத்துகூடக் குறையாமல் திரும்பி வந்துவிடும்.

இத்தனையும் சாதாரணப் பயனர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பது நியாயம். ஆனால் நான்கையும் பிரித்தறிய வல்லுநர் தேவையில்லை. சில கேள்விகள் போதும். கோப்பைத் திறந்து படிக்க முடிகிறது, அழிக்கவோ பெயர் மாற்றவோதான் முடியவில்லை என்றால் வேறொரு நிரல் பிடித்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். ரீஸ்டார்ட் செய்ததும் சரியானால் அதுவேதான். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தால், அதுவும் பழைய டிஸ்கிலோ நெட்வொர்க் ஃபோல்டரிலோ வந்தால், அனுமதிச் சிக்கல். எந்தக் கணினியில் திறந்தாலும் கடவுச்சொல்லோ சாவியோ கேட்டால் மறைகுறி. நகலெடுக்கும்போது பாதியில் நின்றாலோ, அளவு பூஜ்யம் என்று காட்டினாலோ சிதைவு. இந்தக் கேள்விகளில் எதுவும் கோப்பை மாற்றுவதில்லை என்பதே இவற்றின் சிறப்பு. பயனரின் மேல் மட்டும் பழி போடுவதும் முறையாகாது. பிடித்திருக்கும் நிரலின் பெயரைச் சொல்லத் தெரிந்த விண்டோஸ் அதைப் பல நேரம் சொல்வதில்லை; டிஸ்கைத் தானாக மறைகுறியிடும் நிறுவனம், சாவி எங்கே போகிறது என்பதைத் திரை நிறையக் காட்டியிருக்க வேண்டும். காரணம் சொல்லாத மறுப்பு, மக்களை உடைக்கும் கருவிகளின் பக்கம் தள்ளுகிறது. அந்தக் குற்றத்தில் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பங்குண்டு.

கூகுள் டாக்ஸ் போல ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதி வந்த பிறகு இந்தப் பூட்டுப் பேச்செல்லாம் பழங்கதை என்று சொல்வோரும் உண்டு. முதல் நிலைமை அங்கே பெருமளவு மறைந்திருப்பது உண்மைதான். ஆனால் அனுமதியும் சாவியும் மறையவில்லை. அவை கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லாகவும் அந்தக் கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணாகவும் திரண்டுவிட்டன. கணக்கு முடங்கினால் ஒரு கோப்பு மட்டும் அன்று, எல்லாக் கோப்புகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே செய்ய வேண்டியது எங்கும் ஒன்றுதான். மறுப்பு வந்தால், திரும்பப் பெறக்கூடிய செயலை முதலில் செய்ய வேண்டும்: காத்திருப்பது, பிடித்திருப்பவரைப் பார்ப்பது, நகலெடுப்பது. அழிப்பது, ஃபார்மேட் செய்வது, அனுமதிகளைக் கலைப்பது போன்ற திரும்பப் பெற முடியாதவை கடைசியில்தான் வர வேண்டும். மறுப்பு வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. மீட்புச் சாவியை அச்சிட்டோ எழுதியோ கணினிக்கு வெளியே வைப்பது ஒன்று. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில் என்ற 3-2-1 முறையைக் கைக்கொள்வது மற்றொன்று. வேறொரு நல்ல பிரதி இருக்கிறவரை, மேலே சொன்ன நான்கில் எது நேர்ந்தாலும் அது எரிச்சல் மட்டுமே. பிரதி இல்லாதவருக்குத்தான் அது இழப்பு. அந்த இழப்பைப் பூட்டின் மேல் போடுவதில் நியாயமில்லை.